தண்ணி கேனும் ஆறு வாரமும்: ஒரு மார்பக மறுசீரமைப்பு நிகழ்வு ஆய்வு

நான் இயன்முறை சிகிச்சையாளர், கோவையில் 16 வருடமாக இதே வேலை. இந்த ஆய்வில் வருகிற நோயாளி என் அண்ணன் மனைவி. சொந்தக்காரரைப் பற்றி நிகழ்வு ஆய்வு எழுதுவது முறையா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். முறையில்லைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருப்பது மூன்றே வரி: 3.5.2023 அறுவை, 10.5.2023 டிஸ்சார்ஜ், குறிப்பிடும்படியான சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எந்தக் கோப்பிலும் இல்லை. எழுதியதை அண்ணி படித்துப் பார்த்தார், இரண்டு இடத்தில் திருத்தினார், பேர் மட்டும் போடாதே கண்ணு என்றார்.

வீடு

அண்ணன் திருப்பூரில் பவர் டேபிள் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் பனியன் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட், 14 மிஷின். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அண்ணி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அறுவையின்போது வயது 41. மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். மகனுக்கு நாலு வயது, எல்கேஜி. என் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். 68 வயது, சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். ஊசி போடுவது அண்ணி.

காலை ஏழே முக்காலுக்குள் அந்த வீட்டில் நடக்க வேண்டியவை: நான்கு டிபன் பாக்ஸ், ஒரு ஊசி, ஒரு ஜடை, ஒரு ஸ்கூல் வேன், அது போக அண்ணியின் ஸ்கூட்டர் கிளம்ப வேண்டும். யூனிட்டில் ஆள் வரவில்லை என்றால் அண்ணன் ஏழு மணிக்கே போய்விடுவார். அப்போது வேனும் அண்ணி தலையில்.

புற்றுநோய் வந்தது 2021இல். பையனுக்குப் பால் மறக்கடித்த சமயம். இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பால் கட்டு என்று நினைத்து மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான், பால் வற்றவும் செய்யும். கட்டி மட்டும் வற்றவில்லை. இரண்டு மாதம் அதிலேயே போயிற்று. ஆகஸ்டில் மார்பை முழுதாக எடுத்தார்கள், அக்குளில் நெறிக்கட்டுகளையும் எடுத்தார்கள். பிறகு எட்டு கீமோ, 2022 மார்ச்சில் 15 கதிர்வீச்சு, அதன்பின் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தினமும் டாமாக்சிபென் மாத்திரை. அப்போதே மறுசீரமைப்பு, அதாவது எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்கும் அறுவை, செய்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்ததால், எல்லாம் முடிந்து தோல் ஆறட்டும் என்று மருத்துவர்கள் தள்ளி வைத்தார்கள்.

முந்தானை மறைக்கிறதே

2022 தீபாவளிக்கு அண்ணி விஷயத்தை எடுத்தபோது அம்மா சொன்னது இது: “உசுரு பொழச்சதே பெருசு. அதான் முந்தானை மறைக்குதே, அப்பறம் என்ன?”

கேட்கிற எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் புடவையை இடது தோளில் போடுகிறோம், அண்ணிக்குப் போனதும் இடது மார்பு. வெளியில் பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிவது அவருக்கு மட்டும். பிராவுக்குள் வைக்கும் சிலிகான் பொய் மார்பு கால் கிலோவுக்கு மேல் எடை. சித்திரை மாத வெயிலில் அதன் அடியில் வேர்த்து ஊற்றும், கதிர்வீச்சு பட்ட தோல் அரிக்கும். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் மேலே ஏறிக்கொள்ளும். கணக்கு டீச்சர் நாள் முழுக்கக் கையைத் தூக்கித்தானே நிற்க வேண்டும். ஸ்கூட்டருக்கு வசதி என்று போட்டுக்கொண்டிருந்த சுடிதாரை விட்டுவிட்டார். வீட்டில் நைட்டியில் இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் துண்டைத் தேடி ஓடுவார்.

அண்ணன் நல்ல மனிதர், கொஞ்சம் வெகுளி. “எனக்காகன்னா வேண்டாம், எனக்கு ஒரு குறையும் தெரியல” என்றார்.

“உங்களுக்காகன்னு யாருங்க சொன்னா?” என்றார் அண்ணி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எந்த முறை, எந்த மாதம்

தோலுக்கு அடியில் சிலிகான் இம்பிளான்ட் வைப்பது சின்ன அறுவை, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் இம்பிளான்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிக் கல்லாகும் வாய்ப்பு அதிகம். அதனால் சர்ஜன் சொன்னது வயிற்றுத் திசு: தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து, மார்பில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அங்குள்ள குழாயோடு தைப்பது. டீப் ஃபிளாப் என்பார்கள். இப்படி இடம் மாற்றி வைக்கிற திசுதான் ஃபிளாப்.

அம்மா கேட்டார், “வயித்துச் சதைய எடுத்தா வயிறு எப்படித் தாங்கும்?” நியாயமான கேள்விதான். 1982இல் அமெரிக்காவில் ஹார்ட்ராம்ப் என்ற சர்ஜன் வயிற்றுத் திசுவை மார்புக்குக் கொண்டுபோகும் முறையை வெளியிட்டபோது வயிற்றுத் தசையையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். பலருக்கு வயிறு பலவீனமானது, குடலிறக்கம் வந்தது. தொண்ணூறுகளில் நியூ ஆர்லியன்சில் ராபர்ட் ஆலன் தசையை அப்படியே விட்டுவிட்டு, அதனூடே வரும் குழாயை மட்டும் பிரித்தெடுத்து மார்பகம் செய்து காட்டினார். அண்ணிக்குச் செய்தது இந்தப் பிந்தைய முறை. இரண்டு சிசேரியன் தழும்பு இருந்தது. அது கீழே குறுக்காகப் போன தழும்பு என்பதால் தடையில்லை. சிடி ஆஞ்சியோ எடுத்துக் குழாய் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டார்கள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஃபிளாப் பிடிக்காமல் போகலாம் என்பதையும் சர்ஜன் மறைக்கவில்லை.

தேதியை முடிவு செய்தது மருத்துவம் இல்லை, காலண்டர். மார்ச், ஏப்ரல் மகளின் பொதுத்தேர்வு. ஆகஸ்டுக்கு மேல் யூனிட்டில் தீபாவளி ஆர்டர், அண்ணனைப் பார்க்கவே முடியாது. மே மாதம்தான் டீச்சருக்கு லீவு. திருப்பூர் மே மாத வெயிலில் வயிற்றிலும் மார்பிலும் கட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பதா என்று நான் தயங்கினேன். வேறு மாதம் இருந்தால் சொல்லு என்றார் அண்ணி. இல்லை. மாத்திரையால் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் முன்பே டாமாக்சிபெனை நிறுத்தினார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். காஷ்லெஸ் கேட்டபோது, இது அழகு சிகிச்சை, பாலிசியில் வராது என்று பதில் வந்தது. கம்பெனி பேர் வேண்டாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விலக்குப் பட்டியலில் எட்டாவது விலக்கு அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அண்ணி அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, சர்ஜன் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். பணத்தை முதலில் கையிலிருந்து கட்டித்தான் அறுவை நடந்தது. பெரும்பகுதி ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் முதல் ‘வராது’வோடு திரும்பி வந்துவிடுவீர்கள்.

ஆஸ்பத்திரி ஏழு நாள்

அறுவை எட்டரை மணி நேரம். முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை சிஸ்டர் வந்து புது மார்பின் நிறம், சூடு பார்த்து, விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்து, டாப்ளர் கருவியை வைத்துக் குழாயில் ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்பார். உஸ் உஸ் என்று வரும். குளிர்ந்தால் குழாய் சுருங்கும் என்று ஏசி போடவில்லை. மே மாதம், ஏசி இல்லாத அறை, போர்வை வேறு. காபியும் கூடாது என்றார் எங்கள் சர்ஜன். எல்லா சர்ஜனும் இதைச் சொல்வதில்லை. வலியைவிடக் காபி இல்லாததுதான் அண்ணிக்குப் பெரிய குறை.

வயிற்றுத் தையல் இழுபடாமல் இருக்க முட்டிக்கடியில் தலையணை, இடுப்பை மடக்கியபடி படுக்கை. எழுந்து நடந்தபோதும் கூன் போட்டுத்தான் நடக்க முடிந்தது. மகள் பார்த்துவிட்டு, “அம்மா, ஆத்தாவும் நீயும் இப்ப ஒரே ஹைட்டு” என்றாள். சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்க வைக்காதடி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

ட்ரெயின் பைகள்

அறுத்த இடத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் மூன்று ட்ரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்தார்: மார்பில் ஒன்று, வயிற்றில் இரண்டு. ஒவ்வொரு குழாயின் முனையிலும் கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குடுவை. இந்தக் குடுவைகளை எங்கே மாட்டுவது என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. சேஃப்டி பின்னால் நைட்டியில் குத்திக்கொள்வார்கள், எழும்போது குழாய் கதவுக் கொண்டியில் மாட்டும், உயிர் போகும். என்னிடம் வருகிற பெண்கள் நிறையப் பேர் சொன்னது.

இங்கே வீடு திருப்பூரில் இருந்தது உதவிற்று. யூனிட்டில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர், அண்ணனைவிட மூத்தவர், ட்ரெயின் படத்தை என் போனில் பார்த்துவிட்டு, “இத்தன வெயிட்டா, இத்தன நீளமா?” என்று இரண்டு கேள்வி கேட்டார். சாயங்காலமே ஆறு மேல்சட்டை வந்தது. வெட்டி மிச்சமான பனியன் துணி, கை நுழைக்க வலிக்காமல் முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பட்டனுக்குப் பதில் நாடா, உள்பக்கம் இடுப்பு உயரத்தில் மூன்று பை. பையின் வாயில் ஓவர்லாக் அடிக்கவில்லை, துணியை மடித்துத் தைத்திருந்தார். கேட்டதற்கு, “ஓவர்லாக் முடிச்சு தோல்ல உரசுமல்ல?” என்றார். அண்ணி இன்றும் அந்தச் சட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. நான் இரண்டை மாதிரிக்கு வாங்கி வந்து, வேறு நோயாளிகளுக்குத் தைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ட்ரெயின் கணக்கு மகள் பொறுப்பு. காலை ஆறு, மாலை ஆறு. குடுவையைக் கவிழ்த்து அளந்து, நோட்டில் மில்லியில் எழுதி, தானாகவே கிராஃப் போட ஆரம்பித்தாள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுக்கலாம் என்பது எங்களுக்குச் சொன்ன கணக்கு. கடைசிக் குழாயை எடுத்தது மே 19, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அதே நாள். ட்ரெஸ்ஸிங் ரூமில் படுத்துக்கொண்டே போனில் மார்க் பார்த்தார்கள். கணக்கில் 97. மூணு மார்க் எங்கடி போச்சு என்றார் டீச்சர்.

சின்னவன்தான் சிரமம். நாலு வயதுக் குழந்தைக்கு அம்மா என்றால் இடுப்பு. ‘தூக்கு’ என்று வந்து நிற்பான். அவனுக்காக ஒரு ஏற்பாடு செய்தோம். அண்ணி சோபாவில் சாய்ந்து உட்கார, மடியில் தலையணை, வலது பக்கம் ஒரு முக்காலி. அதில் ஏறி அவனே பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்ள வேண்டும். தலையணைக்கு ‘கோட்டை’ என்று பெயர் வைத்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்கம்மா வயித்த மேல எடுத்து வெச்சுத் தெச்சிருக்காங்க” என்று அறிவித்தான். மறைக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை என்று அண்ணியே சொல்லிவிட்டார்.

எங்கள் தவறு

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். அம்மாவுக்கு ஊசி: மகள். சமையல்: அண்ணியின் அம்மா. துணி, பாத்திரம்: வேலைக்கு வரும் அக்கா. இரவு: சனி ஞாயிறு நான், மற்ற நாள் அண்ணன். தலைப்பு, தேதி எல்லாம் போட்டுப் பக்காவாக எழுதியது நான்தான். தாள் மே 24 அன்று முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று நோயாளிகளிடம் தினமும் சொல்கிறவள் நான். அட்டவணை போடும்போது என் மனதிலும் ஓடியது, குழாய் எடுத்தால் முடிந்தது என்ற கணக்குதான்.

24க்கு மேல் எல்லோரும் மெல்லக் கலைந்தோம். அண்ணியின் அம்மா ஊருக்குப் போனார். அண்ணன் ஒரு ஷிப்மெண்ட் விஷயமாக ராத்திரி பகலாக யூனிட்டில். அண்ணி நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்தார், முகம் தெளிந்திருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் ‘நல்லாத் தேறிட்டீங்க’ என்றார்கள். கிடக்கிற நோயாளிக்கு எல்லோரும் செய்வார்கள், நடமாடுகிற நோயாளியிடம் ‘ஒரு டீ’ என்று கேட்பார்கள். முதலில் டீ, அப்புறம் தோசை, அப்புறம் குக்கர்.

மே 29, திங்கள். தண்ணி கேன் பையன் 20 லிட்டர் கேனைக் கேட்டருகே வைத்துவிட்டுப் போய்விட்டான். பழைய கேனில் ஒரு சொட்டு இல்லை. சின்னவன் தண்ணி தண்ணி என்கிறான், மகள் டியூஷன் போயிருக்கிறாள், அம்மாவால் முடியாது. அண்ணி தூக்கவில்லை, அதில் அவர் கவனமாகத்தான் இருந்தார். சாய்த்து உருட்டிக்கொண்டு வாசல்படி வரை வந்தார். படி ஒன்றுதான். அதை ஏற்றும்போது வயிற்றில் ஏதோ ‘சுர்’ரென்றது என்று பிறகு சொன்னார். ராத்திரி பாவாடையில் ஈரம். தையலின் நடுப்பகுதி ஒன்றரை அங்குலத்துக்கு விட்டிருந்தது.

கேன்தான் காரணமா என்று சர்ஜனிடம் கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, அந்த நடு இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, இழுவை அதிகம், ஒன்றும் செய்யாமலே சிலருக்கு விடும் என்றார். நல்ல மனிதர். அண்ணன் அதைக் கேட்டும் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து கேன் வருகிற நாளில் யூனிட்டிலிருந்து ஒரு பையன் வந்து உள்ளே வைத்துவிட்டுப் போகிறான். மீண்டும் தைக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பக்கத்து கிளினிக்கில் கட்டு மாற்றி, மூன்றரை வாரத்தில் தானாக மூடிற்று.

அந்த வருடம் வெயில் கொளுத்தியதால் பள்ளி திறப்பை அரசு இரண்டு முறை தள்ளி, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 என்று வைத்தது. ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் மட்டும் கும்பிட்டார்கள். வயிற்றில் கட்டோடுதான் பள்ளிக்குப் போனார். நாற்காலி போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார். போர்டில் எழுத ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். கையெழுத்து மோசமான பிள்ளைகளாகப் பார்த்துக் கூப்பிட்டதாகக் கேள்வி.

என் தவறு

மேலே சொன்னது எல்லோருக்கும் பொது. இது என்னுடையது மட்டும்.

வாரக்கணக்கில் கூன் போட்டு நடந்ததில் அண்ணிக்கு இடுப்புவலி பிடித்துக்கொண்டது. நவம்பரில் ஒரு ராத்திரி போன் செய்தார். நான் இரண்டு நோயாளிக்கு நடுவில் இருந்தேன். “வெந்நீர் ஒத்தடம் குடுங்க அண்ணி, காலைல பேசறேன்” என்று வைத்துவிட்டேன். அவர் வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்தார், இதமாக இருந்தது. இறுக்கமாக இருக்கிற வயிற்றுக்கும் கொடுக்கலாமே என்று முன்பக்கம் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

இந்த அறுவையில் தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி நரம்புகள் அறுபடும். புது மார்பிலும் உணர்ச்சி இருக்காது. சூடு தெரியாது. காலையில் பார்த்தால் அடிவயிற்றில் ஐந்து ரூபாய் நாணயம் போல மூன்று கொப்புளம். வலிக்கவே இல்லை என்றார், அதுதானே பிரச்சினை. உணர்ச்சி இல்லாத தோலில் ஒத்தடம் கூடாது என்பது இயன்முறை படிப்பில் முதல் வருடப் பாடம். என் கிளினிக் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இடுப்புவலி என்று கேட்ட காதில் வயிறு ஞாபகத்துக்கு வரவில்லை. கொப்புளம் ஆறிற்று, மூன்று வட்டத் தழும்பு இருக்கிறது. இப்போது இந்த அறுவை செய்துகொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்த வலிக்கு வந்திருந்தாலும், வெந்நீர்ப் பையில் தொடங்கி அடுப்பில் இருந்து இறக்குகிற இட்லிப் பானையை மார்போடு அணைத்துத் தூக்குவது வரை கேட்டுவிடுகிறேன்.

அடுத்த கட்டம்

புது மார்பு பழையதைவிடக் கொஞ்சம் சின்னது, மேல்பக்கம் ஒரு பள்ளம். தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி அங்கே நிரப்பலாம், காம்பும் செய்யலாம் என்றார் சர்ஜன். காம்பு வேண்டாம் என்று அண்ணி உடனே சொல்லிவிட்டார்: “அதுக்கு ஒரு நாள், ட்ரெஸ்ஸிங்குக்கு நாலு நாள், உன் அண்ணனுக்கு டென்ஷன் பத்து நாள். யாருக்குங்கண்ணு அது?” பள்ளத்தை மட்டும் நிரப்பிக்கொள்ள ஆசை இருந்தது. பிளவுஸ் கழுத்து அந்தப் பக்கம் தொங்குகிறது என்று டெய்லர் இரண்டு முறை பிரித்துத் தைத்தும் சரிவரவில்லை. 2024 மே மாதம் சின்னவனுக்கு அம்மை, தள்ளிப் போயிற்று. மகளின் பிளஸ் டூ முடிந்து 2025 மே என்று குறித்தார்கள்.

அந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள். இந்த முறை அண்ணியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். காலையில் போய் மாலையில் திரும்புகிற அறுவை, ஒரு வாரம் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாளில் ஆறு வாரம் இருந்தது. முதல் வரி தண்ணி கேன், அதற்கு நேராக அண்ணன் பெயர். ஊசி, சமையல், வேன் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டிருந்தது. கடைசி வரியில் என் பெயர், நேராக ஒரே குறிப்பு: போனில் வைத்தியம் சொல்லக் கூடாது.